ரேடியோவுக்குத் தண்ணீர் காட்டியவள்

தூசி சூடாகிற வாசனையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வால்வு ரேடியோவின் திருகைத் திருப்பிய உடனே அது பாடிவிடாது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்து, அவற்றின்மேல் படிந்த தூசி கருகி, கருப்பட்டி தீய்ந்தது போல ஒரு வாசனை வீட்டை நிறைத்த பிறகுதான், யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டில் அந்த வாசனையோடு ஈரமண்ணின் வாசனையும் சேர்ந்தே வரும். ஈரத்துக்குப் பொறுப்பு நான்.

அந்த ரேடியோவுக்கு ஓட்டின்மேல் ஏரியல் கட்டியது போல, மண்ணுக்குள்ளும் ஒரு கம்பியை இறக்கியிருந்தார் அப்பா. அதற்கு "எர்த்து" என்று பெயர். சன்னலுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் இரும்புக் குழாயை நட்டுக் கம்பியை அதில் முறுக்கிவிட்டிருந்தார். குழி காய்ந்தால் ரேடியோ இரையும் என்பது வீட்டுச் சட்டம். தினமும் சாயங்காலம் அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது, எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். "ஏளா, ரேடியோவுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று அப்பா மாட்டை விசாரிப்பது போலக் கேட்பார். எங்கள் கிணற்று நீரும் உப்புத்தான். ரேடியோவைத் தவிர அதைக் குடிக்க ஆள் கிடையாது.

அப்பா தூத்துக்குடிக்கு வெளியே ஒரு சிறிய உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஊரெல்லாம் மழைக்குக் கும்பிட்டால் அளத்துக்காரர் வெயிலுக்குக் கும்பிடுவார். பாத்தியிலிருந்து வாரிக் கரையில் குவித்த "அம்பாரத்தை" மழைக்கு முன் பனையோலை போட்டு மூடாவிட்டால், ஒரு பருவத்து உழைப்பு கரைந்து ஓடிவிடும். "பாட்டுக் கேக்கவா ரேடியோ வாங்குனேன்? மழயக் கேக்கத்தான்" என்பார். சாயங்காலம் திருநெல்வேலி நிலையத்தில் வானிலை சொல்லும் அந்த இரண்டு நிமிடமும் அம்மா தாளிக்கக்கூட மாட்டாள்.

ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது உள்ளங்காலில் சுருக்கென்றது. "அப்பா, குழி கடிக்கி" என்று சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றிவைத்து வெகுநேரம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். மறுநாள், "இனிமே அதுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம்ளா" என்றார். உத்தியோகம் பறிபோன ஆத்திரத்தில் நான் சோறு தின்னாமல் கிடந்தேன். "சரி, ஊத்தித் தொல" என்று விட்டுவிட்டார். அதன்பிறகு குழி கடிக்கவில்லை.

பங்குனியில், உப்பு நன்றாக விளைந்து அம்பாரம் ஆளுயரத்துக்கு நின்றபோது, ஒரு சாயங்காலம் பாண்டி விளையாடப் போனவள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். அன்றைக்கு ரேடியோ, காய்ந்த எண்ணெயில் கடுகை அள்ளிப் போட்டது போலப் பொரிந்தது. ஒரு சொல் தெளிவில்லை. அப்பா திருகிப் பார்த்தார், அதன் மண்டையில் தட்டிப் பார்த்தார், பிறகு அணைத்துவிட்டார். வெளியே மேகமே இல்லை. "பங்குனியில ஏது மழ" என்று படுத்துவிட்டார். விடியுமுன் இடியோடு கொட்டியது. காலையில் அவரோடு ஓடிப் பார்த்தபோது, அம்பாரம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அழுக்குவெள்ளையாக ஏதோ மிச்சம் இருந்தது.

"நேத்து நான் தண்ணி ஊத்தலப்பா" என்று அழுதேன்.

"தண்ணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லளா. போய்ப் பல்ல வெளக்கு" என்றார்.

பிள்ளையைத் தேற்றப் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அடுத்த வருஷம் குத்தகை கைவிட்டுப் போயிற்று. சாகும்வரை அப்பா இன்னொருவர் அளத்தில் கூலிக்கு உப்பு வாரினார். மழை நாட்களில் அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். அடுக்களைக்குப் போய்விடுவேன், அல்லது பக்கத்து வீட்டுக்கு. கல்யாணமாகிப் பிள்ளையோடு வந்த நாட்களிலும் அப்படித்தான். "இவளுக்கு மழன்னா ஆகாது" என்பாள் அம்மா. நான் மறுத்ததில்லை.

இப்போது நாங்கள் குடியிருப்பது அப்பாவின் அந்த வீட்டில்தான். பரணில் கிடந்த ரேடியோவைப் போன மாதம் என் மகன் இறக்கினான். ஹாலில் அழகுக்கு வைக்க வேண்டுமாம். வைப்பதே வைக்கிறோம், பாடட்டுமே என்று மாப்பிள்ளையூரணியில் ஒருவரிடம் கொண்டுபோனேன். கப்பல்களில் வயர்லெஸ் பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய பெட்டிகளைச் சரிபண்ணுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வால்வுகளின் கால்களைச் சுரண்டித் துடைத்தார். காய்ந்துபோன கன்டென்சர்களை மாற்றினார். முள்ளை இழுக்கும் நூலைப் புதிதாகக் கட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, இங்கன பாருங்க. இது தானா அறுந்ததில்ல, யாரோ வேணும்னே வெட்டியிருக்காவ" என்றார்.

பெட்டிக்கு உள்ளே எர்த்துக் கம்பி துண்டிக்கப்பட்டிருந்தது. நுனியில் துணி சுற்றி, உப்புச் சாக்குத் தைக்கிற சணலால் கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு, மிச்சத்தைத் திருப்பி உள்ளே செருகியது. அப்பா கட்டிய எல்லாச் சாக்கிலும் அந்த முடிச்சைப் பார்த்திருக்கிறேன்.

"இந்த மாடல்ல வீட்டுக் கரண்டு நேரா உள்ள வரும்மா. இந்தக் கன்டென்சர் கசிஞ்சா எர்த்து வழியா மண்ணுல எறங்கும். ஈரத்துல வெறுங்காலோட நின்னா ஆளையே அடிச்சிரும். மாத்தத் தெரியாம வெட்டி விட்டுருக்காவ, பாவம்."

"அப்போ எர்த்து இல்லாம ரேடியோ இரையாதா அண்ணாச்சி?"

"ஏரியல் நல்லாருந்தா அது இல்லாமலே பாடும்."

அந்தப் பங்குனிச் சாயங்காலத்தைச் சொன்னேன். "விட்டு விட்டுப் பொரிஞ்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது மின்னலும்மா. எங்கயோ தூரத்துல வெட்டுனாலும் பெட்டி பொரியும். கப்பல்ல நாங்க அதக் கேட்டே மழ வருதுன்னு சொல்லிருவோம்."

வானிலை அறிக்கைக்கு முன்பே ரேடியோ மழையைச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் மண்டையில் தட்டி, வாயை மூடு என்றிருக்கிறோம்.

கம்பியை ஒட்டவைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். ஒட்டினாலும் இறக்குவதற்குக் குழி இல்லை. அங்கே டைல்ஸ் போட்டு மகனின் பைக் நிற்கிறது. அளம் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். அப்பா போய்ப் பல வருஷம் ஆயிற்று. அன்று அவர் சொன்னது ஆறுதல் இல்லை, உண்மை. நம்பியிருந்தால் எத்தனையோ மழைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நேற்று மத்தியானம் செய்திக்கு நடுவில் ரேடியோ பொரியத் தொடங்கியது. மகன் எழுந்து தட்டப் போனான். "தட்டாதல, மழ வருது" என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவன் சிரித்தான். ஒரு மணி நேரத்தில் மழை இறங்கியது. நான் எழுந்து உள்ளே போகவில்லை.