பூச்சிக்கு வந்த டாக்டர்

அவருடைய கைராசியைப் பற்றி அந்த வட்டாரத்தில் இரண்டு கருத்து கிடையாது. அவர் பார்த்த நோயாளி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி என்று பாரபட்சம் பார்க்காமல் வழியனுப்பி வைத்தவர். முதுகில் பம்ப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக மருந்து அடிப்பதால், கேலிக்கு வைத்த 'டாக்டர்' என்ற பெயர் நாளடைவில் அவருக்கே பிடித்துப்போனது. மனைவி மட்டும், "ஒரு நோயாளியாவது பொழைச்சு வந்து கும்பிடு போட்டதுண்டா?" என்பாள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள், பூச்சிக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கடையில் கேள்விப்பட்டுப் போன் செய்தார்.

"டாக்டருங்களா? மாடியில தேனீ இருக்குங்க. மருந்து போடணும்."

"கவலைய விடுங்கம்மா. நான் ஒரு தடவை வந்தாப் போதும், மறுபடி கூப்பிடவே மாட்டீங்க."

மொட்டைமாடியில் ஒரு மரப்பெட்டி. அதன் வாசலில் தேனீக்கள் மல்லாந்து கால் உதைத்துக்கொண்டிருந்தன. பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறதே என்று உற்சாகமாகக் குழலைத் தூக்கினார்.

பின்னாலிருந்து தழுதழுத்த குரல் வந்தது. "பொழைச்சுடுமா, டாக்டர்?"

இத்தனை வருஷத் தொண்டில் யாரும் கேட்காத கேள்வி. குழல் தானாக இறங்கியது.

"அம்மா... என் மருந்து அந்த மருந்து இல்லம்மா."

பம்ப்பைக் கழற்றி, தேனீக்கள் கண்ணில் படக்கூடாது என்பதுபோலப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மாள் பம்ப்பைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஆசையா வளர்க்கறேங்க. நாலஞ்சு நாளாத்தான் இப்படி. பக்கத்துக் குடியிருப்பு வேலியெல்லாம் பூ. அங்க போயிட்டு வந்துதான் விழுதுங்க. எந்தப் புண்ணியவானோ எதையோ தெளிச்சிருக்கான்."

புண்ணியவான் படிக்கட்டிலிருந்த பம்ப்பைத் திரும்பிப் பார்த்தார். "நான்தாம்மா."

அந்த அம்மாள் திட்டவில்லை. "மிச்சம் மீதியாவது இருக்கட்டும்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுவாரம் குடியிருப்புச் செயலாளர் வேலியோரம் கூப்பிட்டு நிறுத்தினார். "புழு சாகலய்யா. இன்னொரு டோஸ் குடு."

"பூவெல்லாம் உதிரட்டும் சார்."

"பூச்சி மருந்துக்கு நேரம் காலமாய்யா?"

"மருந்துன்னா பத்தியம் இருக்கும்ல சார்."

"பத்தியம் குடிக்கிறவனுக்கு. அடிக்கிற உனக்கென்ன?"

"குடிக்கிறது பக்கத்து மாடித் தேனீ சார்."

"சரி, நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்."

"இங்க வேற ஆளுன்னா என் மச்சான்தான் சார். அவன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சாயங்காலம் வெறும் முதுகோடு மாடியேறினார். கூன் நிமிர்ந்ததுபோல் கூச்சமாக இருந்தது. பெட்டி வாசலில் இரண்டொரு தேனீக்கள், காலில் மஞ்சள் தூளோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.

"பொழைச்சுடுமாம்மா?" என்று இப்போது அவர் கேட்டார்.

"பூ உதிர்ற வரைக்கும் பார்ப்போம், டாக்டர்."