கதவுக்கு வெளியே கேட்ட என்ஜின்

ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த வருஷம் கார் பந்தயத்தையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அதன்மேல் மரியாதையே இல்லை. நான் பல வருஷம் பந்தயத் திடலில் ஒரு வளைவோரம் கொடி பிடித்து நின்றவன். வார நாளெல்லாம் தி.நகரில் பாத்திரக்கடை, ஞாயிற்றுக்கிழமை வெயிலில், விபத்து என்றால் ஆட்ட வேண்டிய மஞ்சள் கொடி. டயர் கருகும் வாசனை இல்லாமல், காதைப் பொத்திக்கொள்ளும் வேலை இல்லாமல் நடப்பதற்குப் பெயர் பந்தயமா? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதில் கொடியைக்கூட கம்ப்யூட்டரே காட்டிவிடும். பாவம் பார்த்து எனக்கு நடுவர் வேலை கொடுத்தார்கள். மயிலாப்பூர் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து, யார் யாரை இடித்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஓட்டியவர்களில் ஒருவன் ராயப்பேட்டைக்காரன், மெக்கானிக். நிஜத் திடலில் அவன் எப்போதும் கடைசி வரிசைதான். பழைய வண்டி, தேய்ந்த டயர், என்ன செய்வான்? கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி என்றதும் திடீரென்று முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

“இப்ப இன்னா சொல்ற நைனா? வண்டிதான் சரியில்ல, நான் இல்ல” என்று போனில் சிரித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிறு பிற்பகல். காலையில் பேசும்போது அவனுக்குக் காய்ச்சல், இருமல். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். பேசாமல் படு என்றேன்.

“படுத்துக்கினு விட்டத்தப் பாக்கறதுக்கு உக்காந்து ஓட்றேன் நைனா. இத்த வுட்டா இன்னொரு தபா எப்போ?”

இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பாதிப் பந்தயத்தில் ஓர் இடது வளைவில் அவன் வண்டி மெல்லத் தளர்ந்து, புல்தரையில் ஏறி நின்றது. யாரும் பதறவில்லை. அப்போதெல்லாம் பாதியில் எழுந்து போவது சகஜம். வாசலில் பால்காரர் கூப்பிடுவார், அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், “மாப்ளைக்கு பிரியாணி வந்துடுச்சு போல” என்று எழுதினான். நான் அவன் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

நிஜத் திடலாக இருந்தால் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். இங்கே எங்கே ஓடுவது? பந்தயம் முடிந்து மற்றவர்கள் கலைந்தும் அவன் வண்டி அங்கேயே நின்றது. வந்து உட்கார்ந்து எப்படியும் எல்லைக்கோட்டைத் தாண்டுவான், கணக்கில் ஒரு இடமாவது கிடைக்கட்டும் என்று போட்டியை மூடாமல் வைத்திருந்தேன். பிறகு மூடினேன். சாயங்காலம் அவன் மச்சான் போன் செய்து, அவன் போய்விட்டான் என்றார். முகத்தைப் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வண்டி என்னை விடுவதாக இல்லை. கடையில் குக்கருக்கு பில் போடும்போது நிற்கிறது. தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது நிற்கிறது. உள்ளே அவன் உட்கார்ந்திருக்கிறான், யாராவது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருக்கிறது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் ராயப்பேட்டைக்குப் போனேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு இருந்தாள். அழவில்லை. காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, அன்னிக்கு ரேஸ் மொத்தமும் உங்ககிட்ட பதிவாயிருக்கும்ல?”

“இருக்கும்மா.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கதவத் தொறக்கவே கூடாது, பாப்பா கீதுன்னு சொல்லிட்டாரு. ஸ்பீக்கர்ல சத்தமா வெச்சுத்தான் ஓட்டுவாரு. நான் கதவாண்ட இப்பிடி வெளிய உக்காந்துகினு இருந்தேன். வண்டி சத்தம் நின்னா தட்டிப் பாக்கலாம்னு. அது ரொம்ப நேரம் நிக்கவே இல்ல. நின்னப்புறம் தட்னேன். நான் கேட்டுகினு இருந்தது அவரு ஓட்டுன சத்தந்தானா?”

நின்ற வண்டியின் என்ஜினும் உறுமிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் மற்ற வண்டிகள் வீறிட்டுக்கொண்டு போகும். கதவுக்கு வெளியே அது பந்தயம் போலத்தான் கேட்கும். நான் போட்டியை மூடிய நிமிஷத்தில்தான் அந்தச் சத்தம் நின்றிருக்கிறது. அதுவரை அவள் அதைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அவன்தாம்மா. கடைசி வரைக்கும் ஓட்டினான். முடிச்சப்புறம்தான் ஏதோ ஆகியிருக்கணும்” என்றேன். நாக்கு கூசவே இல்லை.

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜையில் திருகி மாட்டிய ஸ்டியரிங் கியரோடு அப்படியே இருந்தது.

“கியர் போட்டாருன்னா அதுல டக்கு டக்குன்னு கேக்கும்ண்ணா” என்றாள். “அது பாதியிலயே நின்னுபோச்சு. எனக்குத் தெரியும். பாப்பா அப்பத்தான் மடியில தூங்கிச்சு. வண்டி சத்தந்தான் கேக்குதேன்னு தட்டாம இருந்துட்டேன்.”