முதல் படிக்கு அவர் சொன்ன பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். திருச்சுழியில் எங்கள் தானியக் கடையில் குதிரைவாலி அளந்துகொண்டிருந்த என் கணவர், அப்படியே மூடை மேல் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், வலது கையும் பேச்சும் போய்விட்டன.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பெருமூளைப் புறணியில் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று வருடாவருடம் பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பவள். ஸ்கேனில் அடிபட்டிருந்தது இடது நெற்றிப் பக்கம், பேச்சை உருவாக்கும் இடம். காதுக்குப் பின்னால், கேட்பதைப் புரிந்துகொள்ளும் இடமும் கெட்டிருக்குமோ என்பதுதான் என் பயம். அதனால்தானோ என்னவோ, என் கொழுந்தனார் அவர் எதிரிலேயே, "அண்ணனுக்கு மூளை போயிருச்சு மதினி, கடையை மூடிருவோம்" என்றபோது நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நாற்பது நாள் கழித்து நானும் கொழுந்தனாரும் அவரை மதுரைக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பயிற்சி தரும் பெண், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். இவருக்கு வாய் கோணியது, நெற்றி வியர்த்தது. பிறகு தெளிவாக ஒரு சொல் வந்தது.

"லாபம்."

அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினார். 'ஒண்ணு' என்று தானே எடுத்துக்கொடுத்தார். இவர் விடவில்லை, மறுபடியும் லாபம் என்றார். கேள்வியே புரியவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெண் அதைத் தாளில் எழுதப் போனார்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எழுந்தே விட்டேன்.

"எழுதாதீங்கம்மா. எங்க பக்கம் அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். முதல் படிக்கு லாபம்னுதான் பேரு. அவுக சரியாத்தான் ஆரம்பிச்சிருக்காக."

பேனா நின்றது. சரி, நீங்கள் அளக்கிற மாதிரியே எண்ணுங்கள் என்றார் அவர். என் கணவர் இடது கையால் மேஜைமேல் படியைக் கவிழ்ப்பதுபோல் காட்டி, லாபம், ரெண்டு, மூணு என்று இழுத்து இழுத்துப் பத்து வரை போய்ச் சேர்ந்தார். பின்னால் நின்ற கொழுந்தனார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடையை மூடும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

இப்போதும் இவருக்கு ஒரு வாக்கியம் முழுதாக வராது. என் பெயரே பாதிதான் வருகிறது. ஆனால், அந்தப் பெண்ணும் நானுமாகப் படித்த எங்கள் இரண்டு பேர் எதிரிலும் தான் சொன்னதுதான் சரி என்று விடாமல் நின்றாரே, அந்த மனிதரின் மனைவி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.