என் கணவருக்கு அம்மன் திருப்பித் தந்த பேச்சு

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் வீடு இருண்டு போனது. நான் கோமதி. மலேசியாவில், மலாக்கா பக்கம் ரெம்பியாவில் இருக்கிறேன், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். என் கணவர் செல்வம் பள்ளி பஸ் ஓட்டுபவர். அன்று காலை பஸ்ஸை எடுக்கப் போனவர் வாசலிலேயே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரோக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கைதான் கொஞ்சம் சோர்ந்திருந்தது. ஆனால் பேச்சு போய்விட்டது.

தெருமுனையில் பஸ் திரும்பும்போதே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர் அவர். அந்த வாயிலிருந்து "ஆ... ஆ..." என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுவார். கொண்டு போய்க் கொடுத்தால் கோப்பையைத் தள்ளிவிடுவார். எனக்குப் புரியவில்லை என்ற கோபம் அவருக்கு. யாராவது பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு வாரம் நான் சாமி விளக்கே ஏற்றவில்லை. அம்மன் மேல் அவ்வளவு கோபம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மனம் தாங்காமல் கோயிலுக்கு ஓடினேன். "தாயே, அவர் கை சரியாகாவிட்டால்கூடப் பரவாயில்லை. என்னை ஒரே ஒரு தடவை கூப்பிட வை" என்று அழுதேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்களாம். அதன் சுகாதார, மனித சேவைக் கல்லூரி மலாக்காவில் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. அங்கே மாணவர்கள் நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள், கட்டணம் இல்லை. நல்லவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. நான் துள்ளிக் குதித்தேன்.

ஆனால் முதல் நாளே நெஞ்சு உடைந்தது. விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, மிகவும் பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி மலாயில் கேட்டார். மலாய் நன்றாகப் பேசியவர்தான் என் கணவர். அன்று ஒன்றுமே ஏறவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். விரிவுரையாளருக்கும் கண் கலங்கிவிட்டது. "சின்ன வயதிலிருந்து பேசிய மொழியில் தொடங்கினால் இவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். எங்களிடம் தமிழில் எதுவும் இல்லை. கல்லூரிக்கு உதவுகிறவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். தினமும் வேண்டினேன். சில வாரம் கழித்து மறுபடியும் போன். ஒருவர் நன்கொடை கொடுத்துவிட்டார், தமிழ் அட்டைகள் தயார், தமிழ் பேசும் மாணவியும் இருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள்.

அந்த மாணவியின் பெயர் தர்ஷினி. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் படிப்பதும் அந்தக் கல்லூரியின் நன்கொடை நிதியில்தான். அட்டைகளை மேசையில் பரப்பினாள். சோறு, கஞ்சி, உப்பு, தண்ணீர் எல்லாம் தமிழில்.

"மாமா, அவசரமே இல்ல லா. அக்கா காலைல என்ன குடுத்தாங்க?"

அவர் விரல் கஞ்சி அட்டையைத் தொட்டது.

"கஞ்சி எப்படி இருந்துச்சு மாமா?"

வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"உ... உப்பு... இல்ல."

என்னைக் கூப்பிடுவார் என்று எத்தனை நாள் காத்திருந்தேன். மனிதர் முதலில் என் சமையலைக் குறை சொன்னார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. தர்ஷினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்த மாணவர்களும் ஓடி வந்துவிட்டார்கள்.

நான்கு வாரம் கழித்துக் கேன்டீன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "கோமு" என்று கேட்டது. அவர் மட்டும் கூப்பிடுகிற பெயர். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

நன்கொடை கொடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்று விரிவுரையாளரிடம் கெஞ்சினேன். கொடுத்தவரிடம் அனுமதி கேட்டு என்னை அனுப்பி வைத்தார். மலாக்காவிலேயே புக்கிட் காத்திலில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. ஓய்வு பெற்ற நர்ஸ். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம், எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடுகிறார்கள். நான் காலில் விழப் போனேன். பிடித்துத் தூக்கிவிட்டார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தாம்மா பேச்சு போச்சு. கடைசியில என்னமோ சொல்ல வந்தாங்க. நான் நர்ஸா இருந்தும் எனக்குப் புரியல. இன்னொரு வீட்டுல அப்படி ஆகக்கூடாதுன்னுதான் குடுத்தேன்" என்றார்.

"மிஸ்ஸி, நான் அம்மன்கிட்ட கேட்டேன். நீங்க குடுத்தீங்க" என்றேன்.

"அப்ப அவளுக்கே நன்றி சொல்லு" என்று சிரித்தார்.

இப்போது என் கணவர் மெதுவாகப் பேசுகிறார். பஸ் ஓட்டுவதில்லை. நண்பருடைய பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. மாதா மாதம் எங்களால் முடிந்ததை அந்தக் கல்லூரிக்குக் கொடுக்கிறோம். நோயாளிகள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காக நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்களை என் குரலில் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். போன வாரம் ஒரு புது நோயாளி வாய் திறக்கவே மறுத்தாராம். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும்... இப்படித்தான்... இருந்தேன் அண்ணே" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் என்ன சாட்சி சொல்வது?

என்னைப் போல் கோபித்துக்கொண்டு விளக்கை நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே ஏற்றுங்கள். தாய் நம்மைக் கைவிட மாட்டாள். உங்களால் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எங்கேயோ ஒருத்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் போய்ச் சேரும். அந்தப் பயிற்சி நிலையத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் நம் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நானே கூட்டிப் போகிறேன். என் கணவரும் வருவார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்.