வெள்ளைத் தளத்தில் பழுப்பு

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். தேத்தண்ணி, ரொட்டி, சம்பல். ஆறு மணிக்கு, முன்வாசல் தளத்தை மூடியிருந்த சாக்குகளின் மேல் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். ஆறரைக்குப் பிள்ளைக்காம்பராவைத் திறந்தேன். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் அன்று விட்டுச் சென்ற பிள்ளைகள் பதினொருவர், ஒருவனுக்குச் சளி. பால் கரைத்தேன், தூங்கவைத்தேன், பதிவேடு எழுதினேன். பன்னிரண்டுக்கு வீட்டுக்கு ஓடிவந்து மறுபடியும் மூன்று வாளி. நாலரைக்கு வேலை முடிந்தது.

அன்று ஏழாம் நாள். இனி மூடியதை எடுக்கலாம் என்று தம்பி சொல்லியிருந்தான்.

தம்பி மேசன். கொழும்பில் ஆறு வருடம் ஹோட்டல் கட்டடங்களில் நின்று கலர் கொங்கிறீட் பழகிக்கொண்டு வந்தவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு நாங்கள் புது வீட்டுக்கு வந்தபோது, "எல்லாரு மாதிரி செவப்புத் தர வேணாம்க்கா. வெள்ளச் சீமெந்துல போடுறேன், ஓரத்துக்குக் கொழுந்துப் பச்ச. சாதாரண சீமெந்துல பச்சயக் கலந்தா பாசி புடிச்ச மாதிரி இருக்கும். வெள்ளையிலதான் கலரு கலராவே நிக்கும்" என்றான். உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி வார்த்து, அடுப்படியில் காயவைத்துக் காட்டினான். பால் நிறம். அதை ஜன்னலில் வைத்திருந்தேன்.

கோயில் மண்டபத் தரையையும் அவனிடமே கொடுக்கலாமா என்று எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் கேட்டிருந்தார். என் வாசல் தளம் எப்படி வந்திருக்கிறது என்று நான் சொல்வதுதான் முடிவு. அந்த வேலை கிடைத்தால் தம்பி மறுபடி கொழும்புக்குப் போக வேண்டாம். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம்.

சாக்கைத் தூக்கினேன். தளம் திட்டுத்திட்டாகப் பழுப்பு. பச்சை ஓரம் சேற்று நிறம். ஜன்னலில் இருந்த மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மூட்டையில் பிறந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூட்டைதான் முதலில் நினைவுக்கு வந்தது. ராகலைக் கடையில் வாங்கி, இரண்டு நாள் தன் வீட்டில் வைத்திருந்துவிட்டுத்தான் தம்பி அதைக் கொண்டுவந்தான். வாயைக் கயிற்றால் கட்டியிருந்தான். மாதிரி வார்க்கப் பிரித்ததாகச் சொன்னான். அந்த மாதிரிக்கு அரிசி அளக்கும் சுண்டால் ஒரு சுண்டு போதுமே. அதே வாரம் அவனுக்கு வேறொரு வீட்டில் குளியலறை வேலை இருந்தது. கலவை போட்ட நேரத்தில் நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

கடைக்குப் போன் எடுத்தேன். முதலாளி சிரித்தார். "நான் குடுத்தது தச்ச மூட்ட, தங்கச்சி. அவுத்தவங்ககிட்டதான் கேக்கணும்."

ஐந்தரைக்குத் தம்பி வந்தான்.

"இது வெள்ளச் சீமெந்தா?"

குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தான். "வெள்ளதான்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. சாம்பல் சீமெந்து எவ்வளவு கலந்த?"

"ஒரு கரண்டி இல்ல. நீங்க எத வச்சு மூடு..."

"பேச்ச மாத்தாத. மிச்ச வெள்ள யாரு வீட்டு பாத்ரூமுக்குப் போச்சு?"

அவன் நிமிர்ந்தான். "பிள்ளைக்காம்பராவுல பால்மா கொறஞ்சிருச்சுன்னு ஒங்களக் கேட்டாங்களே, அன்னைக்கு அழுதீங்களே. இப்ப நீங்க என்னயக் கேக்குறீங்க. சரி." மேசன் கரண்டியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டான்.

ஆறு மணிக்குத் தலைவர் வந்தார். "என்ன தங்கச்சி, பால் ஊத்துன மாதிரி இருக்கும்னீங்க. தேத்தண்ணி ஊத்துன மாதிரில்ல இருக்கு!"

"வேற ஆளப் பாருங்கண்ணே."

"சொந்தத் தம்பியவா சொல்றீங்க?"

"தம்பிங்கிறதாலதான் சொல்றேன்."

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரும் மேல் டிவிசன் மேசனிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனார்.

ஏழு மணிக்கு நாட்குறிப்பை எடுத்தேன். மூட்டை வந்த நாள், கலவை போட்ட நாள் எல்லாவற்றையும் தம்பிக்கு எதிராக வரிசைப்படுத்தி வைக்க நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து: "பெப்ரவரி 6. தளம் போட்டாச்சு. தம்பி பொலித்தீன் போடச் சொன்னான். பின்னேரக் காற்றில் நிற்கவில்லை. பழைய கொழுந்துச் சாக்கு நாலு போட்டேன். இடது மூலைக்குப் பற்றவில்லை. அங்கே பிள்ளைக்காம்பரா வெள்ளைத் துணி."

டோர்ச்சோடு வெளியே போனேன். இடது மூலையில் இன்னும் கிடந்த துணியை விலக்கினேன். பால் நிறம். அந்த இடத்தில் பச்சை, கொழுந்துப் பச்சையாகவே இருந்தது. மற்ற இடமெல்லாம் சாக்கின் இழை பதிந்த பழுப்பு. கொழுந்துக் கறை அம்மாவின் விரல்களில் கடைசிவரை போகாமல் இருந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கறை ஊறிய சாக்கை ஏழு நாள், நாளுக்கு மூன்று தடவை, நேரம் தவறாமல் நனைத்திருக்கிறேன்.

உள்ளே வந்து எல்லாவற்றையும் எழுதினேன். "மூட்டையில் எடுத்தது ஒரு சுண்டுதானா?" என்றும் ஒரு வரி எழுதினேன். பிறகு அதை அடித்தேன்.

மறுநாளும் நாலே முக்காலுக்கு எழுந்தேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஒரு கையில் டோர்ச், மறு கையில் தம்பியின் கரண்டி. அவன் வீட்டைத் தாண்டித்தான் தலைவரின் லயம். நிற்காமல் நடந்து, முதலில் தலைவரின் கதவைத் தட்டினேன். "கொழுந்துச் சாக்கப் போட்டது நான்தாண்ணே. மண்டபத்துக்கு என் தம்பியவே கூப்பிடுங்க."