ஏழு நாள் சும்மா இருந்தவர்

என் பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் நான்கு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. ஒன்பது வருடமாக இன்னொரு பொறுப்பும் இருந்தது. அதே கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் எதிர்வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டுக்காரரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது.

பாட்டுக்காரர் அவரோடு வேலை பார்த்தவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் உரக்கப் பாடுவார். எந்த மாடியில் இருக்கிறார் என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. ஒரு நாள் பாட்டு பாதியில் நின்றது. அன்று இறங்கியிருக்க வேண்டியவர் பெரியப்பா. லேசான காய்ச்சல் என்று முறையை மாற்றிக்கொண்டிருந்தார். விழுந்தவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அன்றிலிருந்து இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். கையிலிருக்கும் கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் திருப்புவார்.

"உன் லிஃப்டை விட நான் ஒழுங்காடா. ஒரு நாளாவது ரிப்பேர் ஆயிருக்கேனா?" என்பார் பாட்டுக்காரர். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வராது. அவரை நிம்மதியாகப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதுப் போதகர் வந்தார். சின்ன வயது. நம்புவதை மட்டும் பேசுகிறவர். மீட்பு விசுவாசத்தால் மட்டுமே, நற்செயலால் அல்ல என்றார். அப்பாவுக்கு வாதம் கிடைத்தால் சோறு வேண்டாம்.

"அப்ப சும்மா உக்காந்திருந்தா பரலோகமா ஐயா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இப்பவே பாஸ்."

"செய்ய வேண்டாம்னு சொல்லலண்ணே. செஞ்சதைக் காட்டி உள்ள போக முடியாதுங்கிறேன். இனாமா குடுத்ததுக்குப் பதில் செய்யப் பாத்தா, குடுத்தவருக்குத்தான் அவமானம்."

"செயல் இல்லாத விசுவாசம் வாய்ப்பந்தல், தம்பி."

வாதத்தில் வாயே திறக்காத பெரியப்பா திடீரென்று கேட்டார். "நான் எதை நம்பி நிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க செய்யுறதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்கண்ணே."

போதகர் அதை யோசித்துப் பார்க்கச் சொன்னார். பெரியப்பாவோ மெக்கானிக். ஒன்று வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மற்றதைக் கழற்றி வைத்துப் பார்ப்பவர்.

மறுநாள் காலை பாட்டுக்காரரின் அக்காவிடம், "ஒரு வாரம் என்னால வர முடியாதுக்கா" என்றார். காரணம் சொல்லவில்லை. தான் தாங்காவிட்டால் தேவன் தாங்குவார் என்று விடுவதுதானே விசுவாசம். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கால் தானாக மூன்றாம் மாடிக்குக் கிளம்பும். மொட்டைமாடி மோட்டார் அறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்பார். நான்காம் நாள் நெஞ்சில் எதுவோ இறங்கியது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அசந்து தூங்கினார். மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று நம்பினார்.

அக்கா இடுப்பு எலும்பு தேய்ந்தவள். எண்பது கிலோ உடம்பை அவளால் பாதிதான் அசைக்க முடிந்தது. காவலாளி காலையும் மாலையும் வந்து திருப்பிக் கொடுத்தார். அது போதவில்லை. எங்களைக் கூப்பிட அவளுக்குக் கூச்சம்.

எட்டாம் நாள் பெரியப்பா பாட்டுக்காரர் வீட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் வாடை வந்தது. முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வலி தெரியாத உடம்பு என்பதால் பாட்டுக்காரருக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் வாரம், சீழ் எலும்பு வரை போய் ரத்தத்திலும் கலந்துவிட்டது, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். போதகர் ஓடி வந்தார். வராந்தாவில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இதுக்கும் மன்னிப்பு உண்டுண்ணே. கேட்டாப் போதும்."

"அன்னிக்கும் கிடைச்சுதே தம்பி. நாலாம் நாள் கிடைச்சுது. அப்ப இவன் அங்க அழுகிட்டு இருந்தான்." கையை விடுவித்துக்கொண்டு பெரியப்பா வார்டுக்குள் போனார். ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அந்த வாரம் வேலை ஒண்ணும் இல்ல எனக்கு. வேணும்னுதான் வரல."

பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னார். மாற்றிக்கொண்ட முறை, இல்லாத காய்ச்சல், ஒன்பது வருடமும் தண்டனையாக நினைத்துச் செய்தது, அது செல்லாது என்று கேட்டதும் நிறுத்திப் பார்த்தது, மோட்டார் அறை.

"காய்ச்சல் பொய்னு அன்னிக்கே தெரியும்டா" என்றார் பாட்டுக்காரர். குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது. "நானும் எத்தனை தடவை பொய் சொல்லி லீவு போட்டிருக்கேன். அதை நான் நெனைக்கவே இல்ல."

மூச்சு வாங்கினார்.

"நீ என்னைப் பாக்க வர்றன்னுல்ல நெனச்சேன். ஒன்பது வருஷம்."

பெரியப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்றாலும் இனி யார் நம்புவார்கள்.

"என்னை அந்தப் பக்கம் திருப்பி விடு" என்றார் பாட்டுக்காரர். "உன்னைப் பாக்க முடியல."

அதற்கும் வேறு ஆள் இல்லை. பெரியப்பா தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்து, புண்ணில் படாமல், நண்பனின் முகத்தைத் தன்னிடமிருந்து சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். முதுகுக்குத் தலையணை வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.