ஐந்தாம் நம்பர் மூங்கில்

பூட்டுக்கடை ஜானி பாஷாவின் மகள் பிர்தௌஸுக்கு மறதி கிடையாது. லடாக் பனிமலையில் இரண்டு கோடை நின்று பனியை அளந்தவள் அவள். உறைந்த பனியில் துளை போட்டு மூங்கில் நடுவார்கள். பனி உருக உருக மூங்கில் வெளியே நீளும். அந்த நீளம்தான் கணக்கு.

அவளுடைய நோட்டைக் கைநோகாமல் நகலெடுத்துத் தன் பெயரில் கட்டுரை போட்டார் அந்தப் புண்ணியவான், அவளுடைய பேராசிரியர். படித்த அன்றே அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். வாயைத் திறக்கவில்லை. திருவண்ணாமலைக்குத் திரும்பி, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருஷம் கழித்து அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. "ஐந்தாம் மூங்கில் இருந்த இடத்தில் ஜூலையில் பனி ஒன்றரை மீட்டர் வளர்ந்தது. அபூர்வமான பனிப்பொழிவு!" என்றார் அவர்.

பிர்தௌஸ் எழுந்தாள். "அந்த மூங்கிலை யார் சார் நட்டாங்க?"

"நானேதாம்மா."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான்."

"ரெண்டு தடவை சார். ஜூலையில அது சாஞ்சிடுச்சு. நான்தான் இன்னும் ஆழமா துளை போட்டு நட்டேன். அதான் வெளிய கம்மியா தெரிஞ்சுது. பனி வளரல." நோட்டை உயர்த்திக் காட்டினாள். "கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன். அதை மட்டும் நீங்க நகலெடுக்கல."

விருந்தினருக்குச் சால்வை போர்த்தும் நேரம் வந்தது. காலையில் தேரடி வீதியில் தேடி வாங்கிய கம்பளிச் சால்வையோடு அவளே மேடை ஏறினாள்.

"நல்லா போத்திக்கோங்க சார். உங்களுக்குத்தான் ஜூலையிலயே பனி கொட்டுதே."